சீயக்காய் பட்ட கண்ணும் சும்மா இருந்த கண்ணும்

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளி விடியற்காலை. எண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்க்கும்போது வலது கண்ணுக்குள் கொஞ்சம் இறங்கிவிட்டது. எரிச்சல் தாங்காமல் அந்தக் கண்ணை இறுக மூடிக்கொண்டு துண்டைத் தேடி வெளியே வந்தேன். எதிர்ச் சுவரில் தினசரி காலண்டர். தினமும் அதே இடத்தில் நின்றுதான் அதில் நல்ல நேரம் பார்ப்பேன். அன்றைக்குத் தேதியின் பெரிய எண்ணே ஒரு கறுப்புத் திட்டாகத்தான் தெரிந்தது. அதற்குக் கீழே இருக்க வேண்டிய ராகு காலம், எமகண்டம் எதையும் காணோம். எரிந்துகொண்டிருந்த கண்ணைச் சிரமப்பட்டுத் திறந்தேன். அதற்கு எல்லாம் தெரிந்தது. சும்மா இருந்த இடது கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

அப்போது எனக்கு வயது 36. ராத்திரியோடு ராத்திரியாக ஒரு கண் போய்விட்டது என்றே நினைத்தேன். விடுமுறை முடிந்த முதல் நாள் காலையில் கண் மருத்துவமனையில் முதல் டோக்கன் என்னுடையது. டாக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது நேத்து வந்தது இல்லீங்க. நாலஞ்சு வயசுலேயே இருந்திருக்கும். நீங்க இப்பத்தான் பார்த்திருக்கீங்க."

அந்தப் பதிலைத்தான் இந்தக் கட்டுரையில் விரித்துச் சொல்லப் பார்க்கிறேன். ஒரு கண்ணுக்கும் மற்றதற்கும் வித்தியாசம் இருப்பதாகத் திடீரென்று உணரும் எல்லோருக்கும் முதலில் வரும் பயம் "இப்போது ஏதோ ஆகிவிட்டது" என்பதுதான். ஆனால் கண்டுபிடித்த நாளும் தொடங்கிய நாளும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. சில சமயம் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அப்போது ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்கக் கூடாது. எது பழையது, எது புதியது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில், இத்தனை வருடம் எப்படித் தெரியாமல் போகும்? மூளை இரண்டு கண்களின் படத்தையும் ஒன்றாகக் கலந்து நம்மிடம் ஒரே காட்சியாகக் கொடுத்துவிடுகிறது. எது எந்தக் கண்ணிலிருந்து வந்தது என்ற அடையாளத்தை அது வைப்பதில்லை. நல்ல கண் ஒன்று இருந்தால் காட்சியின் கூர்மை முழுவதையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இதற்கு எளிய சாட்சி நம் எல்லோருக்குமே இருக்கும் குருட்டுப் புள்ளி. பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது. ஒவ்வொரு கண்ணிலும் பார்வையின் மையத்திலிருந்து காதுப் பக்கமாக ஏறத்தாழ 15 டிகிரி தள்ளி ஒரு ஓட்டை இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் எட்மே மாரியாட் சொல்லும் வரை மனிதர்கள் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒரு கண்ணின் ஓட்டையை மற்ற கண் அடைத்துவிடுகிறது. ஒரு கண்ணை மூடினாலும் சுற்றியுள்ளதை வைத்து மூளையே பூசி மெழுகிவிடும்.

இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பகுதி மட்டும் 120 டிகிரி அளவுக்கு அகலமானது. அந்த இடத்துக்குள் ஒரு கண் எவ்வளவு மங்கினாலும் மற்றது சமாளித்துவிடும். கண் அழுத்த நோய் வருடக்கணக்கில் பிடிபடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வலி கிடையாது, ஒரு கண்ணில் அரிக்கப்படும் பகுதியை இன்னொரு கண் ஈடுகட்டும், விளிம்பிலிருந்து மெல்ல மெல்லக் கரையும்.

என் கதைக்கு வருகிறேன். எனக்கு இருந்தது சோம்பேறிக் கண். பெயர் அநியாயமானது. அந்தக் கண் சோம்பேறியாக இருக்கவில்லை, மூளைதான் அதற்கு வேலை கொடுக்கவில்லை. பிறவியிலேயே என் இடது கண்ணுக்குத் தூரப்பார்வை பவர் அதிகம், வலது கண்ணுக்குப் பவரே இல்லை. ஒரு கண்ணிலிருந்து தெளிவான படமும் மற்றதிலிருந்து கலங்கலான படமும் வந்தால் குழந்தையின் மூளை என்ன செய்யும்? தெளிவானதை வைத்துக்கொண்டு கலங்கலானதை ஒதுக்கும். நாளடைவில் அந்தக் கண்ணுக்கான நரம்பு இணைப்புகளே சரியாக வளராமல் போகும். நம் ஊர்ப் பழமொழியில் ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பார்களே, மூளை செய்தது அதைத்தான்.

இதை நிரூபித்தவர்கள் டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் இருவரும். 1960களில் ஹார்வர்டில் பூனைக்குட்டிகளை வைத்து அவர்கள் செய்த சோதனை கேட்கவே கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். பிறந்த குட்டியின் ஒரு கண் இமையைத் தைத்து மூடிவிட்டு, சில மாதம் கழித்துப் பிரித்தார்கள். கண்ணில் பெரிதாக ஒரு குறையும் இல்லை. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் ஏறக்குறைய இல்லை. அத்தனை செல்களையும் திறந்திருந்த கண் பிடித்துக்கொண்டுவிட்டது. வளர்ந்த பூனைக்கு இதையே செய்தபோது அப்படி ஒன்றும் ஆகவில்லை. இதில் எனக்கு மிகவும் வியப்பாக இருப்பது அடுத்த சோதனை. குட்டியின் இரண்டு கண்களையும் மூடிவைத்தபோது மூளையில் ஏற்பட்ட சேதம், ஒரு கண்ணை மட்டும் மூடியபோது ஏற்பட்டதைவிடக் குறைவாக இருந்தது. வெளிச்சம் கிடைக்காதது மட்டுமே காரணமாக இருந்திருந்தால் கணக்கு தலைகீழாக அல்லவா வந்திருக்கும்? ஆக, மூளைக்குள் இடம் பிடிக்க இரண்டு கண்களும் போட்டி போடுகின்றன. கெடுப்பது அந்தப் போட்டியில் தோற்பதுதான். இருவருக்கும் 1981ல் நோபல் பரிசு கிடைத்தது.

நூறு பேரில் ஒருவரிலிருந்து மூன்று பேர் வரை சோம்பேறிக் கண் இருக்கிறது என்பது பொதுவான கணக்கு. மாறுகண் உள்ள பிள்ளைகளை வீட்டில் கவனித்துவிடுவார்கள், கவனித்துவிட்டு "மாறுகண் அதிர்ஷ்டம்" என்று சும்மா இருந்துவிடுவார்கள். இந்த ஒரு நம்பிக்கை எத்தனை பிள்ளைகளின் ஒரு கண்ணைக் காவு வாங்கியிருக்கும் என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது. என்னைப் போல் பவர் வித்தியாசம் மட்டும் உள்ள பிள்ளைகள் நிலை இன்னும் மோசம். கண் நேராக இருக்கும், பிள்ளை ஓடியாடும், புத்தகம் படிக்கும். சந்தேகப்பட ஒன்றுமே இருக்காது. பள்ளியில் கண் பரிசோதனை நடக்கத்தான் செய்தது. எனக்கு முன்னால் நின்றவன் சத்தமாக வாசித்ததை வரிசையில் நின்ற எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அது போதாதென்று, கண்ணை மூடிய விரல்களுக்கு நடுவே இடுக்கு இருந்தது. ஏமாற்றும் எண்ணமெல்லாம் இல்லை, சரியாகச் சொன்னால் நல்ல பிள்ளை என்பார்கள், அவ்வளவுதான். கிரிக்கெட்டில் என்னை எப்போதும் ஸ்கோர் எழுத வைத்ததற்கும் இப்போதுதான் காரணம் தெரிகிறது. இரண்டு கண்ணும் சமமாக வேலை செய்தால்தான் பந்து எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பது துல்லியமாகப் பிடிபடும்.

பேசத் தெரியாத குழந்தையிடம் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? விளையாடிக்கொண்டிருக்கும்போது ஒரு கண்ணை உங்கள் கையால் மெல்ல மறையுங்கள். பிறகு மற்றதை. ஒரு கண்ணை மறைத்தால் சும்மா இருந்து, இன்னொன்றை மறைத்தால் சிணுங்கிக் கையைத் தள்ளிவிட்டால், தள்ளிவிட்டது நல்ல கண்ணுக்காக இருக்கக்கூடும். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வைத்தியம் பழையது. நல்ல கண்ணை மூடிவைத்துப் பலவீனமான கண்ணை வேலை செய்யச் சொல்வது. பிரான்சின் இயற்கை அறிஞர் புஃபோன் 18ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சொல்லியிருக்கிறார். முதலில் சரியான கண்ணாடி, அப்புறம் நல்ல கண்ணின் மேல் ஒட்டு. நாள் முழுக்க மூடினால்தான் பலன் என்று நினைத்திருந்தார்கள். அமெரிக்காவில் பல மையங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2003ல் வந்தது. நடுத்தரக் குறைபாடுள்ள, ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தினமும் இரண்டு மணி நேர ஒட்டும் ஆறு மணி நேர ஒட்டும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன. ஒட்டைப் பிய்த்தெறியும் பிள்ளைக்கு நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டுக் கொஞ்சம் மங்கச் செய்யும் வழியும் உண்டு. ஏழு வயதுக்கு மேல் பயனே இல்லை என்பதும் இப்போது தளர்ந்துவிட்டது, பதின்வயதுப் பிள்ளைகள் சிலருக்குக்கூடப் பார்வை கூடுகிறது. 36 வயதில் என்ன செய்யலாம் என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார்.

பழைய வித்தியாசம் இப்படி என்றால், மெல்ல மெல்ல வரும் வித்தியாசத்துக்கு மிகச் சிறந்த சாட்சி ஓவியர் கிளாட் மோனே. 1912ல் அவருடைய இரண்டு கண்ணிலும் புரை என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பயந்து பத்து வருடம் தள்ளிப்போட்டார். வண்ணங்களையே நம்பி வாழ்ந்த மனிதர். புரை விழுந்த லென்ஸ் பழுப்பு மஞ்சளாகி நீலத்தை வடிகட்டிவிடும். அவர் ஓவியங்களில் சிவப்பும் பழுப்பும் ஏறிக்கொண்டே போயின. கடைசியில் 1923 ஜனவரியில் டாக்டர் ஷார்ல் கூத்தலா வலது கண்ணில் ஆபரேஷன் செய்தார். புரை போனது, கூடவே அவரது நிம்மதியும் போனது. ஆபரேஷன் செய்த கண்ணுக்கு உலகம் நீலமாகத் தெரிந்தது, செய்யாத கண்ணுக்கு மஞ்சளாக. எது நிஜமான நிறம் என்று எந்தக் கண்ணைக் கேட்பது? இடது கண்ணுக்கு ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்று மறுத்துவிட்டு, நிறம் ஏற்றிய கண்ணாடிகளோடு 1926ல் இறக்கும் வரை போராடினார்.

அவருக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. அந்தக் காலத்தில் லென்ஸை எடுத்துவிடுவார்கள், உள்ளே வேறு வைக்கமாட்டார்கள். அதற்கு ஈடாகக் கனத்த கண்ணாடி. என் தாத்தா தலைமுறை போட்டுக்கொண்ட அதே சோடாபுட்டிக் கண்ணாடி. அது காட்சியைக் கால் பங்கு பெரிதாக்கிக் காட்டும். ஒரு கண்ணுக்கு மட்டும் அப்படிப் பெரிதாகத் தெரிந்தால் மூளையால் இரண்டு படத்தையும் ஒட்டவைக்க முடியாது, ஒவ்வொரு பொருளும் இரண்டாகத் தெரியும். சாதாரணக் கண்ணாடியிலும் இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் மூன்றுக்கு மேல் போனால் பலருக்குத் தலை சுற்றுவதும் படியில் கால் தடுமாறுவதும் இதனால்தான். லென்ஸ் கண்ணுக்கு எவ்வளவு நெருக்கமோ அந்த அளவு வித்தியாசம் குறையும் என்பதால் அவர்களுக்குக் கான்டாக்ட் லென்ஸ் ஒத்துப்போகிறது. கண்ணுக்கு உள்ளேயே வைக்கும் லென்ஸை ஹெரால்டு ரிட்லி 1949ல் லண்டனில் முதலில் பொருத்தினார். மதுரையில் 1992ல் தொடங்கிய ஆரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்பு நிறுவனம் அதை ஏழைகளுக்கும் எட்டும் விலையில் செய்ய ஆரம்பித்தது. நம் பக்கத்தில் சோடாபுட்டி மறைந்த கதை அதுதான்.

மோனேயின் நிறக் குழப்பம் மட்டும் இன்றைக்கும் வீட்டுக்கு வீடு நடக்கிறது. ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் முடித்து வந்த அம்மா நாலாம் நாள், "ஆபரேஷன் பண்ணாத கண்ணு கெட்டுப்போச்சு, எல்லாம் மஞ்சளா இருக்கு" என்பார். கெட்டது இப்போது இல்லை, ஐந்தாறு வருடமாகவே அப்படித்தான். ஒப்பிட்டுப் பார்க்க இப்போதுதான் ஒரு கண் கிடைத்திருக்கிறது. கூடவே, சுவரில் இவ்வளவு அழுக்கா, என் முகத்தில் இவ்வளவு சுருக்கமா என்றும் கேட்பார். அதற்கு மட்டும் பதில் சொல்லாமல் இருப்பது உத்தமம்.

புரை இல்லாதவர்களுக்கும் ஒரு கண்ணில் வெள்ளைச் சுவர் லேசாக இளஞ்சிவப்பாகவும் மற்றதில் லேசாக நீலமாகவும் தெரியலாம். பக்கவாட்டில் வெயில் பட உட்கார்ந்திருந்தாலே போதும், இரண்டு கண்ணும் வெவ்வேறு வெளிச்சத்துக்குப் பழகிவிடும். இதன் உச்சம் 2016ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. இங்கிலாந்தில் இரண்டு பெண்கள், இரவில் ஒரு கண் திடீரென்று சில நிமிடம் தெரியாமல் போகிறது என்று வந்தார்கள். ஸ்கேன் அது இதுவென்று எல்லாம் எடுத்தும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் பார்த்தால், இருட்டில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு போன் பார்த்திருக்கிறார்கள். ஒரு கண் தலையணையில் புதைந்து இருட்டுக்குப் பழகிவிட்டது, மற்றது திரை வெளிச்சத்துக்குப் பழகிவிட்டது. போனை அணைத்ததும் வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவுதான் நோய்.

எந்தக் கண் முதன்மையானது என்ற பேச்சையும் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டிச் சின்ன இடைவெளி விட்டுத் தூரத்துப் பொருளைப் பாருங்கள், பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணுக்கு அந்தப் பொருள் இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ அது முதன்மைக் கண். மூன்றில் இரண்டு பேருக்கு வலது. இதற்கும் பார்வைக் கூர்மைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை.

சுவாரசியமான வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. ஒரு நூலில் சின்னக் கல்லைக் கட்டி உங்களுக்குக் குறுக்காக ஊசலாடவிடுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்க, ஒரு கண்ணுக்கு முன்னால் மட்டும் கூலிங் கிளாஸின் ஒரு பக்கத்தைப் பிடியுங்கள். நேர்கோட்டில் போய்வந்த கல் சட்டென்று நீள்வட்டமாகச் சுற்றுவது போலத் தெரியும். வெளிச்சம் குறைந்த கண்ணின் சேதி ஆயிரத்தில் சில பங்கு நொடி தாமதமாக மூளைக்குப் போகிறது, அந்தத் தாமதத்தை மூளை ஆழமாக எடுத்துக்கொள்கிறது. ஜெர்மனியின் யேனா நகரில் லென்ஸ் செய்யும் சைஸ் (Zeiss) நிறுவனத்தில் வேலை பார்த்த கார்ல் புல்ஃப்ரிஷ் 1922ல் இதை விளக்கினார். வேடிக்கை என்னவென்றால், அவருக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது. தன் பெயரில் வழங்கும் அந்தக் காட்சியை அவரால் பார்க்கவே முடியாது. பார்வை நரம்பு அழற்சி வந்தவர்களுக்கும், ஒரு கண்ணில் மட்டும் புரை உள்ள சிலருக்கும் கூலிங் கிளாஸ் இல்லாமலே இப்படித் தெரியும். குறுக்கே வரும் வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதில் அவர்கள் கணக்குத் தப்பும்.

இனி வீட்டில் எப்படிப் பார்ப்பது. கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். ஒரு கண்ணை உள்ளங்கைக் குழிவால் மூடுங்கள், அழுத்தக் கூடாது. அழுத்தினால் கையை எடுத்த பிறகும் அந்தக் கண் சற்று நேரம் மங்கலாகவே இருக்கும், வீணாகப் பயந்துபோவீர்கள். காலண்டரைப் பாருங்கள். மங்கலாகத் தெரியும் கண்ணுக்கு, ஒரு அட்டையில் ஊசியால் குத்திய சிறு துளை வழியாகப் பாருங்கள். எழுத்து தெளிந்தால் பெரும்பாலும் பவர் விவகாரம், கண்ணாடியில் முடிந்துவிடும். தெளியாவிட்டால் லென்ஸையோ விழித்திரையையோ நரம்பையோ டாக்டர் பார்க்க வேண்டும். அப்புறம் கட்டம் போட்ட கணக்கு நோட்டை முப்பது சென்டிமீட்டரில் வைத்து நடுவில் ஒரு புள்ளியைப் பாருங்கள். கோடு வளைந்தாலோ நடுவில் கறை போலத் தெரிந்தாலோ விழித்திரையின் மையத்தில் பிரச்சினை. சுவிட்சர்லாந்தின் மார்க் ஆம்ஸ்லர் உருவாக்கிய பரிசோதனைக் கட்டமும் இதே ஏற்பாடுதான். வயதானவர்களுக்கு மையம் தேய்வதால் இப்படி ஆகலாம். முப்பது, நாற்பது வயது ஆண்களுக்கு அந்த இடத்தில் நீர் கோத்தும் ஆகலாம், ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்களுக்கு அதற்கான வாய்ப்பு கூடுதல். அது பலருக்கு மூன்று நான்கு மாதத்தில் தானாகவே வடிந்துவிடும். கடைசியாக ஒரு சிவப்பு மூடியையோ குங்குமச் சிமிழையோ பாருங்கள். ஒரு கண்ணில் ரத்தச் சிவப்பும் மற்றதில் வெளிறிய செங்கல் நிறமும் என்றால், குறிப்பாகக் கண்ணை அசைக்கும்போது வலியும் இருந்தால், பார்வை நரம்பைச் சந்தேகிப்பார்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர் இந்தச் சோதனையில் தேறிவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை சொட்டு விட்டு விழித்திரையைப் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். மங்கலே தெரியாமல் பாதி சேதம் நடந்திருக்கும்.

சரி, எப்போது ஓட வேண்டும்? ஒரு கண் வலியே இல்லாமல் சட்டென்று இருண்டுவிட்டால் அது விழித்திரையின் ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். பக்கவாதத்தின் பங்காளி அது, சில மணி நேரத்தில் விழித்திரை மீளாமல் போய்விடும். திரை விழுந்தாற்போல் இருண்டு, ஐந்து நிமிடத்தில் தானாகத் தெளிந்துவிடுவதும் உண்டு. இதைத்தான் ஜனங்கள் "சரியாகிவிட்டதே" என்று விட்டுவிடுகிறார்கள். பின்னால் வரப்போகும் பக்கவாதத்துக்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு கண்ணில் மின்னல் வெட்டுவது, மிளகுத்தூள் கொட்டியது போல் கரும்புள்ளிகள் மிதப்பது, ஓரத்திலிருந்து நிழல் ஏறி வருவது, இவை விழித்திரை கிழிந்து பிரிவதற்கான அடையாளங்கள். பிரிதல் நடுப்பகுதியை எட்டுவதற்குள் ஆபரேஷன் செய்தால் பார்வை பெரும்பாலும் தப்பும். கண் சிவந்து, தலைவலியோடு வாந்தியும் வந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் அழுத்தம் திடீரென்று ஏறியிருக்கிறது. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் மட்டும் ஆஸ்பத்திரி இரண்டாவது, தண்ணீர் முதலாவது. அங்கேயே குழாயைத் திறந்து கால் மணி நேரமாவது கழுவிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், அமிலத்தைவிட ஆழமாக அரிப்பது அது.

என் இடது கண்ணுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆன பிறகும் டாக்டர் ஒரு கண்ணாடி எழுதிக்கொடுத்தார். வலது பக்கம் பவரே இல்லாத பாலிகார்பனேட் லென்ஸ், எளிதில் உடையாதது. "உங்களுக்கு உபரிக் கண் இல்லைங்க. இருக்கிற ஒண்ணுக்கு இது ஹெல்மெட்" என்றார். பிள்ளைகள் பட்டாசு வெடிக்கும்போது கூட அதைப் போட்டுக்கொண்டுதான் வாசலில் நிற்கிறேன். எண்ணெய்க் குளியலுக்குத்தான் போட முடியாது. சீயக்காய் தேய்த்து முடியும் வரை இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொள்கிறேன்.